சுழற்சி ஷிப்டில் குடும்பச் செபமாலைக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மாறி மாறி வேலை பார்க்கிறேன்; வீடு தாம்பரத்தில், மனைவி செவிலியர், பிள்ளைகளுக்கு வயது 9, 5. கடந்த ஜூன் முதல் நால்வரும் சேர்ந்து செபமாலை சொல்வது அறவே நின்றுவிட்டது.

காலை 5 மணிக்கு முயன்றோம். செபமாலையின் ஐந்து பகுதிகளான மறையுண்மைகளில் இரண்டாவது முடிவதற்குள் சின்னவள் மணிகளை விரலில் சுற்றியபடியே என் மடியில் தூங்கிவிடுகிறாள். இரவு இடைவேளையில் வீடியோ காலில் சேர்ந்தேன். இயந்திர இரைச்சலில் ‘அருள் நிறைந்த மரியே’ பாதிதான் கேட்டது. ஞாயிறு திருப்பலியோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. என் சிறுவயதில், செபமாலையின் 53 ‘அருள் நிறைந்த மரியே’ மணிகளும் உருண்ட பிறகே அம்மா எங்களுக்குச் சோற்றுத் தட்டு வைப்பார்.

ஷிப்ட் வேலையில் உள்ள கத்தோலிக்கக் குடும்பத்தினரே, வாரந்தோறும் நேரம் மாறினாலும் குலையாமல் நீங்கள் கடைப்பிடிக்கும் முறை என்ன?