செக்கு எண்ணெய்க் கடைக்கு ஜிஎஸ்டியில் காம்போசிஷனா, ரெகுலரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறோம். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தை நெருங்குவதால் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும்.

காம்போசிஷன் என்கிற சிறு வணிகர்களுக்கான எளிய திட்டத்தில் விற்றுமுதலில் 1 சதவீதம்தான் வரி, கணக்கு வேலையும் குறைவு. ஆனால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. கைக்காசுதான். எங்களைப் போல உற்பத்தி செய்பவர்களுக்குப் புண்ணாக்கு விற்ற பணமும் சேர்த்து மொத்த விற்றுமுதலுக்கும் கணக்கு. பெங்களூரிலிருந்து கேட்பவர்களுக்கு அனுப்பவும் வழியில்லை, வெளிமாநில விற்பனை கூடாது.

ரெகுலருக்கு, அதாவது வழக்கமான ஜிஎஸ்டி முறைக்குப் போனால் எண்ணெய்க்கு 5 சதவீதம். நிலக்கடலைப் பருப்பை விவசாயிகளிடமே நேரடியாக வாங்குவதால் அதில் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது. பாட்டில், மூடி, லேபிள் போன்றவற்றுக்குக் கட்டிய வரியை மட்டும் கழிக்கலாம். மீதியை விலையில் ஏற்றினால், லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடினாலே முகம் சுளிக்கும் ஊர் இது!

ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகிறது. கரண்ட், ஆள்கூலி, வாடகை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். வருமான வரியில் உத்தேச லாபத் திட்டத்தில் (1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு) காட்டினால் ஜிபே, வங்கி வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை லாபம் அதைவிடக் குறைந்தால் என்ன செய்கிறீர்கள்?

இதே தொழிலில் இருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? ஆடிட்டருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் நல்லது.