பழனியில் ஏறிக் கும்பிடுகிறோம், கயிலையில் மட்டும் ஏன் ஏறுவதில்லை?

பூம்பாறை பூண்டுக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவுக்குக் கயிலாய ஆசை வந்திருக்கிறது. வயது அறுபத்தாறு. தைப்பூசத்துக்கு இன்றைக்கும் பழனியில் யானைப்பாதை வழியாக நடந்தே ஏறுவார், விஞ்ச் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால் போக வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு வேறொரு சந்தேகம்.

பூண்டு உலர வைத்த இடத்தில் தாள் கிள்ளிக்கொண்டு இருந்தபோது, "அங்கேயும் உச்சிக்குப் போய்த்தானே சாமி பார்ப்பீங்க?" என்று கேட்டேன். "அது கால் வைக்கக் கூடாத மலைடா, சுத்திட்டுத்தான் வரணும்" என்றார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்" என்பதோடு சரி.

நம் கதைப்படி பழனி மலையே கயிலாயத்துச் சரக்குதானே? அகத்தியர் சொன்னார் என்று இடும்பன் சிவகிரியையும் சக்திகிரியையும் காவடி கட்டித் தூக்கி வந்தான், வழியில் இறக்கினான், திரும்பத் தூக்க வரவில்லை. அந்தச் சிவகிரியில் நாம் தினமும் ஏறி இறங்குகிறோம், மேலே உட்கார்ந்து பஞ்சாமிர்தம் சாப்பிடுகிறோம். அங்கிருந்து வந்த மலையில் கால் வைக்கலாம், அங்கேயே இருக்கும் மலையில் வைக்கக் கூடாது என்றால் எப்படி?

இன்னொன்று. திபெத்துக்காரர்களும் அதே மலையைத்தான் சுற்றுகிறார்களாம். அவர்கள் பௌத்தர்கள் ஆயிற்றே, சிவனையா கும்பிடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வத்தலகுண்டு வாத்தியார்

தம்பி, அம்மா சொன்னது "அப்படித்தான்" இல்லை. அதற்குத் தமிழிலேயே கதை இருக்கிறது. காரைக்கால் அம்மையார் கயிலைக்குப் போனபோது, இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்க மனம் வராமல் தலையால் நடந்து போனார் என்கிறது பெரிய புராணம். அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதற்காகத் திருவாலங்காட்டில் கால் வைக்கவே சம்பந்தர் தயங்கினார் என்பது அதன் தொடர்ச்சி.

அப்பர் கதையும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் போகிறது. முதுமையில் காசிக்கும் வடக்கே தனியாக நடந்தார். பாதம் தேய்ந்த பிறகு கையால் தவழ்ந்தார், அப்புறம் மார்பால் நகர்ந்தார், கடைசியில் புரண்டு புரண்டு போனார். மலை கிடைக்கவில்லை. ஒரு முனிவர் வடிவில் வந்த இறைவன், அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னார். அவர் எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி அங்கேதான் கிடைத்தது. இன்றைக்கும் ஆடி அமாவாசைக்கு அந்த ஊரில் அது விழா.

எதிர்ப்பக்கம் ராவணன். மலையைப் பெயர்க்கப் பார்த்தான், சிவன் கால்விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். சம்பந்தர் பதிகங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இவன் வந்து மாட்டிக்கொள்வான். பலத்தைக் காட்டியவன் நசுங்கினான், தவழ்ந்தவருக்குக் காட்சி கிடைத்தது. நம் ஆட்கள் கயிலையைப் பார்த்த பார்வை இதுதான்.

பழனிக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இது. சாஸ்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கயிலை சிவனும் உமையும் குடியிருக்கும் வீடு. பழனி, பழம் கிடைக்காத கோபத்தில் பிள்ளை அந்த வீட்டை விட்டு வந்து நின்ற இடம். பிள்ளையைப் பார்க்க யார் வேண்டுமானாலும் படியேறலாம், அவனே ஆண்டியாகத்தானே நிற்கிறான்!

உத்தராகண்டில் ருத்ரபிரயாகைப் பக்கம் கார்த்திக் சுவாமி கோயில் என்று ஒன்று, மலை முகட்டில் இருக்கிறது. அங்கேயும் உலகைச் சுற்றும் அதே போட்டிக் கதைதான். முடிவு மட்டும் வேறு: பிள்ளை தன் தசையைத் தாயிடமும் எலும்பைத் தந்தையிடமும் கொடுத்துவிட்டு அங்கே தங்கிவிட்டானாம். நம்மிடம் கோவணத்தோடு நின்றான், அவர்களிடம் எலும்பையே கழற்றிக் கொடுத்துவிட்டான்.

அதோடு, இமயம் முழுவதும் கால் வைக்கக் கூடாத இடம் என்று யாரும் சொல்லவில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம் சுமார் 3,580 மீட்டர் உயரம், மக்கள் ஏறித்தான் போகிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய பத்ரியும் அப்படித்தான். ஏறாமல் விட்டது கயிலை போன்ற சில சிகரங்களைத்தான். பழனியில் மட்டும் என்ன, சித்திரைக் கழு என்னும் அக்னி நட்சத்திர நாட்களில் கடம்பம்பூ சூடிக்கொண்டு கிரிவீதியில் கூட்டம் கூட்டமாக மலையைச் சுற்றுகிறோமே.

ஊட்டி வர்க்கிக்கடை

வாத்தியார் ஐயா தமிழ்ப் பக்கத்தை அழகாகச் சொல்லிவிட்டார். திபெத் பக்கம் எனக்குக் கொஞ்சம் தெரியும். சீசனில் எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் விற்கும் ஒரு திபெத் பாட்டி இருக்கிறார். கர்நாடகத்தில் பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்பிலிருந்து வருகிறவர். அவர் பையில் ஸ்வெட்டர்களுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும், உள்ளங்கை அகலம், மேலே தோல்வார். அடிப்பக்கம் தேய்ந்து மழுங்கி, நடுவில் மட்டும் பள்ளமாக இருக்கும். திபெத்தியர்கள் அகதிகளாக வந்த 1959க்கு முன்னால் அவருடைய அம்மா கயிலையை விழுந்து கும்பிட்டே சுற்றி வந்தபோது கையில் மாட்டியிருந்தவை.

முறை இதுதான். கை கூப்பி உச்சந்தலை, கழுத்து, நெஞ்சு என்று வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். நீட்டிய கை தொட்ட இடத்தில் எழுந்து நின்று மறுபடி விழ வேண்டும். நம் அங்கப்பிரதட்சணத்தில் உருண்டு போகிறோம், இவர்கள் உடம்பால் மலையை அளந்துகொண்டே போகிறார்கள். சுற்று மொத்தம் 52 கிலோமீட்டர். நம்மூர் யாத்திரைக்காரர்கள் மூன்று நாளில் நடப்பார்கள். திபெத்தியர்களில் பலர் விடியுமுன் கிளம்பி ஒரே நாளில் முடித்துவிடுவதும் உண்டு. விழுந்து கும்பிட்டால் வாரக்கணக்கில் ஆகும்.

அவர்களுக்கு அந்த மலை காங் ரின்போச்சே. அதில் இருப்பவர் டெம்சோக், சமஸ்கிருதத்தில் சக்ரசம்வரர், தாந்திரிக பௌத்தத்தின் பெரிய தெய்வம். மலையும் சுற்றியுள்ள இடமும் அவருடைய மண்டலம், அதாவது அவர் குடியிருக்கும் புனித வட்டம். அதற்குள் வலம் வந்தால் பாவம் கழியும் என்பது நம்பிக்கை. திபெத்திய நாள்காட்டியின் குதிரை வருஷத்தில் சுற்றினால் பலன் பல மடங்காம். நம் குறிஞ்சிப் பூ மாதிரி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. 2014க்கு அப்புறம் 2026தான்.

உச்சிக்குப் போனவர் கதை அவர்களிடம் ஒன்றே ஒன்று. மிலரேபா என்ற யோகிக்கும் பொன் (Bön) என்ற திபெத்தின் பழைய மதத்துப் பூசாரி ஒருவருக்கும், யார் முதலில் உச்சிக்குப் போவது என்று போட்டி. பூசாரி விடிகாலையிலேயே மத்தளத்தின் மேல் ஏறிப் பறந்தார். மிலரேபா அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் சூரியக் கதிரைப் பிடித்து ஒரே நொடியில் உச்சியில் நின்றார். பொன் மதத்தார் இன்றும் அந்த மலையை இடமாகத்தான் சுற்றுகிறார்கள். எதிரும் புதிருமாக வரும் இரண்டு கூட்டமும் ஒரே பாதையில் சிரித்துக்கொண்டே கடந்து போகும் என்று பாட்டி சொல்வார்.

கோத்தகிரிக்காரன்

எதுக்கு இவ்வளவு பேச்சு? டெம்சோக் என்றாலும் சிவன்தான், புலித்தோல், சூலம் எல்லாம் இருக்கிறதே. பெயர்தான் வேறு.

ஊட்டி வர்க்கிக்கடை

அண்ணா, அதை நான் அந்தப் பாட்டியிடம் சொல்ல மாட்டேன். டெம்சோக் படத்தில் காலடியில் மிதிபட்டுக் கிடப்பது யார் தெரியுமா? பைரவரும் காளராத்திரியும். அவர்களை அடக்கி அந்த இடங்களை எடுத்துக்கொண்டதாகத்தான் பௌத்தத் தாந்திரிகக் கதை. நம் கதையில் மலை சிவனுடையது, அவர்கள் கதையில் அவரிடமிருந்து வாங்கியது. சமணர்களோ, ரிஷபதேவர் முக்தி அடைந்த அஷ்டாபதம் அதுதான் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று நாம் தாராளமாகச் சொல்லிவிடலாம், அவர்களைக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். சாமி யார் என்பதில் ஒற்றுமை இல்லை. ஏறக் கூடாது என்பதில்தான் எல்லாருக்கும் ஒற்றுமை. அது போதும் என்று நினைக்கிறேன்.

வெலிங்டன் பென்ஷன்காரர்

நான் சிக்கிமில் வேலை பார்த்தவன். ஏறாமல் விடுவது கயிலைக்கு மட்டும் இல்லை. கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர், அந்த ஊர் மக்களுக்குக் காவல் தெய்வம். வருஷா வருஷம் பாங் லாப்சோல் என்று அதற்கே திருவிழா. 1955இல் பிரிட்டிஷ் குழு முதன்முதலில் ஏறியபோது, சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். அத்தனை தூரம் போனவன் கடைசி ஆறடியை விட்டுவிட்டு வருவதற்கு எவ்வளவு மன அடக்கம் வேண்டும்! நானாக இருந்தால் நிச்சயம் ஏறியிருப்பேன். பட்டாளத்துக்காரன் புத்தி அது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். கயிலைச் சுற்றில் டோல்மா லா என்ற கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டா 2,637தான். பழனிப் படி ஏறும் தெம்பு வேறு, அங்கே மூச்சு விடுவது வேறு. கால் வலித்தால் உட்காரலாம், காற்று இல்லாததற்கு உட்கார்ந்து என்ன செய்வது? மத்திய அரசு நடத்தும் யாத்திரை 2020இல் நின்று 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. எழுபது வயதுக்கு மேல் எடுப்பதில்லை, குலுக்கலில் பெயர் வர வேண்டும், வந்தாலும் மருத்துவப் பரிசோதனை உண்டு. சிக்கிமின் நாதுலா வழியில் பெரும்பகுதி வண்டியிலேயே போய்விடலாம், உத்தராகண்டின் லிபுலேக் வழியில் முன்பு நடை அதிகம், இப்போது அங்கேயும் பெரும்பகுதிக்குச் சாலை வந்துவிட்டது. சுற்ற முடியாதவர்கள் மானசரோவர் கரையிலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புவதும் உண்டு, அதில் ஒன்றும் குறைவில்லை.

என்னைக் கேட்டால் முதலில் நேபாளத்தில் முக்திநாத்துக்குக் கூட்டிப் போங்கள். 3,700 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வைணவர்களுக்கு 108 திவ்யதேசங்களில் ஒன்று, ஆழ்வார் பாடிய சாளக்கிராமம். கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகள், எல்லாமே பனி உருகிய தண்ணீர். ஒவ்வொன்றாகத் தலையைக் கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும், பத்தாவதிலேயே பல் கிட்டிவிடும். உள்ளே இருக்கும் மூர்த்தி நமக்குப் பெருமாள், பௌத்தர்களுக்கு அவலோகிதேஸ்வரர். கோயில் பணியில் பௌத்தப் பிக்குணிகளும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஜ்வாலா மாயி சந்நிதியில் பாறை இடுக்கில் வாயு கசிந்து, தண்ணீரை ஒட்டி நீலமாகச் சின்னச் சுடர் எரியும். குனிந்து, கம்பி வலை வழியாகத்தான் பார்க்க முடியும்.

பூம்பாறை பூண்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வீடு, வீட்டை விட்டு வந்த பிள்ளை என்று வாத்தியார் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதைத்தானேடா நானும் சொன்னேன்" என்கிறார். சொல்லவே இல்லை! பைரவர் விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டேன். முக்திநாத்துக்குச் சம்மதம், ஆனால் கயிலையை விடவில்லை, இது அதற்கு ஒத்திகையாம். பென்ஷன் ஐயா, அம்மா அங்கே எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்?

வெலிங்டன் பென்ஷன்காரர்

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஜீப். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை ஏற்றமும் படியும் இருக்கிறது, முடியாதவர்களுக்குக் குதிரை கிடைக்கும். மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பேயாக அடிக்கும், விமானம் காலையில் மட்டும்தான். மேகம் போட்டால் அதுவும் ரத்து. அதனால் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே போடுங்கள். நம் அறநிலையத்துறை வழியாக முக்திநாத், மானசரோவர் இரண்டுக்கும் மானியம் கொடுக்கிறார்கள். போய் வந்த பிறகுதான் பணம் வரும், டிக்கெட், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.