ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) 80 பைக்: சிறப்புப் பள்ளிக்கு நிதி திரட்டும் ரைடு, ஆலோசனை வேண்டும்

உப்பளம்_ரைடர்:
வணக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூரிலிருந்து மரக்காணம் வரை போகத் திட்டம். அங்குள்ள சிறப்புப் பள்ளிக்குச் சக்கர நாற்காலி வாங்க நிதி சேர்ப்பதுதான் நோக்கம். ஸ்ப்ளெண்டர், கிளாசிக் 350, டியூக் என்று 80 வண்டிகள் பதிவாகிவிட்டன. எல்லாரையும் ஒரே வரிசையாக விடலாமா? பணத்தை எப்படி வாங்குவது? பைக் கூட்டத்தைப் பார்த்தாலே "ரேஸ் பசங்க" என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? கிளம்பும் இடத்தில் ரத்ததான முகாமும் வைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

கடைசி_வண்டி:
ஒரே வரிசை வேண்டவே வேண்டாம். 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடும். வண்டிக்கு வண்டி 1 விநாடி விட்டாலே 80 வண்டியின் வரிசை 1.3 கி.மீ. நீளும். முதல் சிக்னலிலேயே அறுந்துவிடும். அறுந்த பாதி முன்னால் போனதைப் பிடிக்க 90-ல் விரட்டும். இந்த விரட்டலில்தான் விபத்துக்கு வழி.

12 குழுவாகப் பிரியுங்கள், ஒன்றில் 6 அல்லது 7 வண்டி. 3 நிமிட இடைவெளியில் அனுப்பினால் முதல் குழு 5.30-க்குக் கிளம்ப, கடைசிக் குழு 6.03-க்கு நகர்ந்துவிடும். ஒவ்வொரு குழுவிலும் முன்னால் வழிநடத்த ஒரு லீட், கடைசியில் எல்லாரையும் கவனித்து வர ஒரு ஸ்வீப். லீடுக்கு அடுத்த இடம் சிறிய வண்டிக்கு அல்லது புது ஆளுக்கு. அவர் வேகம்தான் குழுவின் வேகம்.

ஸ்டேகர்டு பார்மேஷனில் (ஒருவர் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் சற்றுப் பின்னால் இடப்பக்கம் என்று மாறி மாறி) நேர் முன்னால் போகும் வண்டியோடு 2 விநாடி, குறுக்கே முன்னால் போகும் வண்டியோடு 1 விநாடி. அமெரிக்க வீடியோக்களில் லீட் லேனின் இடப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படியே செய்கிறார்கள். அங்கே வலப்பக்க ஓட்டம். நமக்கு லீட் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம். வளைவு, குறுகிய பாலம், வேலை நடக்கும் இடம் எல்லாவற்றிலும் ஒற்றை வரிசை. ஒரு விரல் உயர்த்தினால் ஒற்றை வரிசை, இரண்டு விரல் என்றால் ஸ்டேகர்டு. இந்த இரண்டு சைகையையாவது கிளம்பும் முன் எல்லாரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று இருந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

முகாமை வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள். நீண்டதூர வண்டி ஓட்டுநர்கள் அடுத்த பணிக்கு முந்தைய 24 மணி நேரத்தில் ரத்தம் தரக்கூடாது என்பது வழிகாட்டு விதி. 350 மி.லி. கொடுத்துவிட்டு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு வெயிலில் 100 கி.மீ.க்கு மேல் ஓட்டினால் தலைசுற்றல் வரலாம். வண்டியில் இருக்கும்போது வந்தால் விழுவதுதான்.

ரசீது_முக்கியம்:
பணம் எந்த ரைடரின் சொந்தக் கணக்குக்கும் போகக் கூடாது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் க்யூஆர் குறியீட்டையே போஸ்டரில் போடுங்கள். அவர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான பதிவு (12ஏ, 80ஜி என்று சொல்வார்கள்) நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கிவிடுங்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்த வரிக் கழிவு கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு மனக்கசப்புதான். டீ-ஷர்ட், சாப்பாட்டுச் செலவுக்குத் தனிக் கட்டணம், நன்கொடை தனி. இரண்டையும் கலந்தால் கணக்கு காட்டவே முடியாது.

தொகையைக் கூட்ட நல்ல வழி ஒன்று உண்டு. 2012-ல் சிட்னியில் தொடங்கிய 'டிஸ்டிங்குவிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்ற நிதி திரட்டும் பைக் ரைடில் ஒவ்வொரு ரைடருக்கும் இணையத்தில் தனி நிதிப் பக்கம் இருக்கும். அவரவர் நண்பர்களிடம் அவரவரே கேட்பார்கள். நுழைவுக் கட்டணம் மட்டும் வாங்கினால் 80 பேரோடு நின்றுவிடும். ஆளுக்குப் பத்துப் பேரைக் கேட்டால் 800 பேரிடம் போய்ச் சேரும்.

சத்தம்_குறை:
"ரேஸ் பசங்க" என்ற பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். பைக்கர் என்றால் அடாவடி என்ற பிம்பம் 1947-ல் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டரில் நடந்த கலாட்டாவிலிருந்து பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது. மேலே சொன்ன ஜென்டில்மேன்ஸ் ரைடில் கோட்டும் டையும் போட்டு ஓட்டுவது அதை மாற்றத்தான். அதில் சேரும் நிதி ஆண்களின் மனநலத்துக்கும் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் போகிறது. ஆனால் ஈசிஆர் ஊர்க்காரருக்கு உங்கள் உடை தெரியாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் காதில் விழுவது சைலன்சர்தான். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் 80 டெசிபல்தான் வரம்பு. கம்பெனி சைலன்சர் இல்லாத வண்டியைப் பதிவிலேயே மறுத்துவிடுங்கள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். ஊருக்குள் ஆக்சிலேட்டரை முறுக்குவது, கூட்டமாக ஹாரன் அடிப்பது, வீலி (முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது) மூன்றுக்கும் தடை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சந்திப்பில் வண்டியைக் குறுக்கே போட்டுப் பொதுமக்களை நிறுத்தாதீர்கள். அந்த உரிமை போலீஸுக்கு மட்டும்தான். ஆம்புலன்ஸ் ஒன்று மாட்டினால் நீங்கள் வாங்கித் தரும் நாற்காலியை யாரும் பேச மாட்டார்கள்.

கடிதம் நான்கு இடத்துக்கு: சென்னை, தாம்பரம் காவல் ஆணையரகங்கள், செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டக் காவல் அலுவலகங்கள். நேரம், வழி, வண்டி எண்கள், பொறுப்பாளர் போன் எல்லாம் வேண்டும். "முதலில் வருபவருக்குப் பரிசு" என்று போஸ்டரில் எங்கும் இருக்கக் கூடாது. அது பந்தயமாகிவிடும்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு வழக்கு ஒரு பக்கம், இன்சூரன்ஸ் கைவிடுவது மறுபக்கம்.

உப்பளம்_ரைடர்:
நன்றி. முகாமை ரத்து செய்துவிட்டோம். பெட்ரோலுக்கு எங்கே நிறுத்தலாம்? பள்ளிக்கு அரிசி மூட்டையும் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு போகலாமா?

கடைசி_வண்டி:
பெட்ரோலுக்கு நிறுத்தவே வேண்டாம். வண்டிக்கு 2 நிமிடம், நான்கு நாசில் என்றால் 80 வண்டிக்கு 40 நிமிடம் போய்விடும். முந்தின இரவே டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். ஸ்ப்ளெண்டருக்கும் கிளாசிக்குக்கும் போய்வர அதுவே போதும்.

அரிசி டாடா ஏஸில் போகட்டும். 25 கிலோவைப் பின் அச்சுக்குப் பின்னால் கட்டினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். மூட்டை சரிந்து சைலன்சரில் பட்டால் சாக்கு கருகும். அதே ஏஸ் கடைசிக் குழுவின் பின்னால் வந்தால் நின்றுபோன வண்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பலகை, வண்டியை இறுக்கிக் கட்ட நான்கு ராட்செட் பட்டை, ஸ்போக் வீல் வண்டிகளுக்கு டியூப், டியூப்லெஸ் பஞ்சர் கிட், கால் பம்பு, கிளட்ச் கேபிள் அதில் இருக்கட்டும்.