புதுப்பிப்பு: ஆர் நிரல்மொழியில் ‘கோப்பு இல்லை’ என்ற பிழை தீர்ந்தது

கட்டளைகளை நேரடியாக இயக்கும் கன்சோலில் ஒழுங்காகத் திறக்கும் தரவுக் கோப்பு, ஆர் மார்க்டவுன் (உரையும் நிரலும் கலந்த கோப்பு) அறிக்கையை உருவாக்கும்போது மட்டும் காணாமல் போகிறதே என்று கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. ஆர் நிரல் எழுதும் செயலியான ஆர்ஸ்டுடியோவில் புராஜெக்டைத் திறந்ததும் கன்சோல் அதன் முதன்மைக் கோப்புறையில் நிற்கிறது. அறிக்கை உருவாகும்போதோ, வேறு அமைப்பு செய்யாதவரை, மார்க்டவுன் கோப்பு இருக்கும் உட்கோப்புறையே, ஆர் கோப்புகளைத் தேடும் நடப்புக் கோப்புறை ஆகிவிடுகிறது. என் தரவு அதற்கு வெளியே இருந்தது.

ஒவ்வொரு நிரலின் தொடக்கத்திலும், முழுப் பாதையைக் கொடுத்து நடப்புக் கோப்புறையை மாற்ற எழுதியிருந்த ‘செட்டபிள்யூடி’ (setwd) வரிகளை முழுவதும் நீக்கிவிட்டேன். என் கணினியின் முழுப் பாதை இன்னொருவர் கணினியில் எப்படி இருக்கும்? இப்போது ‘ஹியர்’ (here) என்ற ஆர் தொகுப்பு, புராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்தை மேல்நோக்கித் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாதையை அமைக்கிறது. நேற்று கோப்புறையை அப்படியே உடன் பணிபுரிபவருக்கு அனுப்பினேன். ஒரு வரிகூட மாற்றாமல் அவருக்கு அறிக்கை வந்துவிட்டது. எவ்வளவு நிம்மதி!