அக்கா இந்தியக் குடிமகள், நான் சட்டவிரோதக் குடியேறி. இது எப்படி?

முகாம்வீடு:
வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து எழுதுகிறேன். அக்கா 1987 மார்ச்சில் மண்டபம் முகாமில் பிறந்தாள். நான் 1989-இல், அதே முகாமில். அக்காவுக்குப் போன வருடம் பாஸ்போர்ட் வந்துவிட்டது. நான் போனபோது, "நீங்கள் சட்டவிரோதக் குடியேறி" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் எந்த எல்லையைத் தாண்டினேன்? கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

அப்பா இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, 1985-இல் தலைமன்னாரிலிருந்து படகு. அவருடைய தாத்தா இதே புதுக்கோட்டைச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். கப்பலேறும் முன் நோய் இருக்கிறதா என்று பார்க்க அவரை நிறுத்தி வைத்ததும் மண்டபம் முகாமில்தான்.

கணக்குப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர், எல்லையை மூடி எல்லாரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பார். கெட்டவர் இல்லை. என் மகனின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கொடுத்தவர். "உன்னைச் சொல்லலம்மா" என்கிறார். ஆனால் சட்டம் என்னைத்தானே சொல்கிறது? 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணையால் எனக்கு ஏதாவது மாறுமா?

வழக்குக்கட்டு:
சகோதரி, தேதிதான் காரணம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லித்தான் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

விலக்கு ஆணை பற்றி: 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். நிம்மதிதான். ஆனால் அது குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் உங்கள் மேல் இருக்கும்வரை பதிவு வழியாகவும் கிடைக்காது, நீண்டகால வசிப்பைக் காட்டியும் கிடைக்காது.

கடலோரன்:
கடலோரக் காவலில் இருபது வருடம் இருந்தவன். அந்த அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான். இங்கிருந்து மஞ்சளும் பீடி இலையும் போகும், அங்கிருந்து தங்கம் வரும். ராஜீவ் காந்தியைக் கொன்ற கூட்டம் 1991-இல் படகில்தான் வந்தது. 2008-இல் மும்பைக்கு வந்தவர்களும் கடல் வழிதான். காவல் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் இதையும் கேளுங்கள். 2022 மார்ச்சில் கைக்குழந்தையோடு வந்த ஆறு பேரைப் படகுக்காரன் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கோஸ்ட் கார்டு போய் மீட்டது. அவர்கள் ஒளியவில்லை, யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தார்கள். கடத்தல்காரன் எங்களைக் கண்டால் ஓடுவான். அகதி எங்களைத் தேடுவான். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் காவலுக்கு என்ன லாபம்? உங்கள் முகாமில் யார், எந்த வருடம், எந்தக் கரையில் இறங்கினார்கள் என்பது தமிழ்நாட்டுக் காவல்துறையின் கியூ பிரிவுப் பதிவில் இருக்கிறது. இந்த நாட்டில் உங்களைவிடக் கணக்கில் உள்ளவர் யார்?

பேசாலையான்:
இலங்கைக்கே ஊர் திரும்பியவன் நான். முப்பது வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு வந்தோம். வளவு காடாகிக் கிடந்தது. எனக்கு இது ஊர். பிள்ளைகளுக்கு இல்லை, அவர்கள் இன்னும் புதுக்கோட்டைச் சிநேகிதரோடுதான் போனில் பேசுகிறார்கள். திருப்பி அனுப்பு என்று சொல்கிறவர்கள் எந்த இடத்துக்கு என்றும் சொல்ல வேண்டும்.

முகாம்வீடு:
எல்லாருக்கும் நன்றி. கடலோரன் ஐயா, காவல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் முகாமில் ஆளை எண்ணும் செக்கிங் நாளில் நாங்கள் வேலைக்குப் போவதில்லை, வீட்டு வாசலில் நிற்போம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அதில் எனக்குக் கோபம் கிடையாது. நாற்பது வருடம் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, எண்ணப்பட்டவரைப் பார்த்து ஒளிந்து வந்தவர் என்பதுதான் பொறுக்கவில்லை.

வழக்குக்கட்டு அவர்களே, நீங்கள் எழுதியதில் 2004 விதியைப் படித்ததும் கை நடுங்கியது. அக்கா மகள் 2010-இல் பிறந்தவள். அக்கா குடிமகள், ஆனால் அத்தான் 1990-இல் ஆறு வயதில் படகில் வந்தவர். அப்படியானால் அவளும் என் பக்கம்தானா?

வழக்குக்கட்டு:
ஆமாம், சட்டப்படி இப்போது அப்படித்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இருந்தால் நீதிமன்றத்தில் பேசுவது எளிது. அத்தானின் 1990 பதிவு நகலும் வேண்டும்.

முகாம்வீடு:
நகல் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை செக்கிங் முடிந்ததும் எடுக்கிறேன்.