மேக்புக் ஏர் எம்4: இப்பவே வாங்கலாமா, மார்ச் வரை பொறுக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி. ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப், எம்3 சிப்போடு 2024 மார்ச்சிலும் எம்4 சிப்போடு 2025 மார்ச்சிலும் வந்தது. எம்4 வந்தபோது ஆரம்ப விலையே 1,099 டாலரிலிருந்து 999க்கு இறங்கியது. மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு வெளி மானிட்டர் ஓடும். எம்3-இல் மூடினால்தான் இரண்டாவது வரும். இந்த மார்ச்சிலும் இப்படிப் புது மாடல் வந்துவிடுமோ என்றுதான் பிப்ரவரியில் வாங்கத் தயக்கம்.

ஆப்பிளிடமே வாங்கினால், கைக்கு வந்த 14 நாளுக்குள் திருப்பலாம். அதற்குள் புது மாடல் அறிவித்தால் தப்பித்தோம். மற்ற கடைகளில் பெட்டியைப் பிரித்தபின் திருப்பினால் பணத்தில் பிடிக்கிறார்களா?

ரேம் சிப்போடு ஒட்டியே வருவதால் பின்னால் கூட்டவே முடியாது. 4கே வீடியோ எடிட்டிங்குக்கு 16 ஜிபி தாங்குமா, 24 எடுத்துவிடலாமா? தினமும் எடிட் செய்பவர்கள் சொல்லுங்கள்.