புதுப்பிப்பு: பாதியில் இறுகிய ஸ்க்ரூ ஸ்பானர்

என் 12 அங்குல ஸ்க்ரூ ஸ்பானரின் (வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பானர்) நகரும் தாடை எப்போதும் ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். துருதான், மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள் என்றார்கள் பலர். ஊறவைத்ததில் அழுக்கு போனது. இறுக்கம் அப்படியே இருந்தது.

துரு என்றால் வழி நெடுகப் பிடிக்க வேண்டுமே? எனவே தாடையை நகர்த்த விரலால் சுழற்றும் திருகு உருளையைத் தாங்கும் ஊசியைத் திருப்புளியால் கழற்றினேன். உருளையோடு குட்டி ஸ்பிரிங்கும் வெளியே வந்தது (அது தெறித்து ஓடினால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு). ஊசியைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன், கோணல் இல்லை. தாடையின் அடியில் இருக்கும் பற்களை நகத்தால் வருடியபோது குற்றவாளி சிக்கியது. நடுப் பல் ஒன்றின் விளிம்பு மடிந்து, பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. உருளையின் புரி அங்கே வந்ததும் முட்டியிருக்கிறது.

முக்கோண அரத்தால் பிசிறை மட்டும் எடுத்தேன். பல்லின் சரிவைத் தேய்த்தால் தாடையின் ஆட்டம் கூடிவிடும். வெல்டிங் வைக்கலாமே என்று கேட்டவருக்கு: சூடு பட்டால் பதமேற்றிய எஃகின் உறுதி போய்விடும், வேண்டாம்.

பல் மடிந்தது எப்படி? யாரோ கைப்பிடியில் குழாய் மாட்டி, தவறான திசையில் திருப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம். நகரும் தாடை இருக்கும் பக்கமாகத் திருப்பினால்தான் பெரும் விசை அசையாத தாடையில் விழும்.

இப்போது தாடை தடையின்றி ஓடுகிறது. லேசான ஆட்டம் மிச்சம் இருப்பதால் இறுகிய நட்டுகளுக்கு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஸ்பானர்தான்.